கடைசிப் பெயர் என்றொரு கட்டம்

எங்கள் தெருவில் என் அப்பாவுக்குப் பெயர் கிடையாது. ஐஸ்காரர், அவ்வளவுதான். புதுப்பட்டினத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி ஐஸ்காரர் வீடு எது என்று கேட்டால், தலையில் மீன் கூடையோடு போகிறவள்கூட நின்று முகவாயால் திசை காட்டுவாள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், அப்படி யாரும் இங்கே இல்லையே என்பார்கள். அம்மாவும் சொல்ல மாட்டாள். புருஷன் பெயரை வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது எங்கள் பக்கத்துப் பெண்களின் கணக்கு. ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயர் கேட்டால் என் முதுகில் ஒரு குத்து விழும், நான் சொல்வேன். அம்மா அப்படிச் சொல்லாமல் சொல்லாமல் காத்த ஆயுசு எவ்வளவு நீளம் என்பதைப் பிறகு பார்த்தோம்.

அப்பா விடிந்ததும் ஒரு பழைய லாரியில் செங்கல்பட்டுக்குப் போவார். அங்கே ஐஸ் ஃபாக்டரியில் பெரிய பெரிய பாளங்களை ஏற்றிக்கொண்டு, மேலே மரத்தூளைக் கொட்டி, ஈரக் கோணியால் மூடி, வெயில் உறைப்பதற்குள் கடற்கரைக்குக் கொண்டுவருவார். புதுப்பட்டினத்திலும் சதுரங்கப்பட்டினத்திலும் இருந்த மீன் ஷெட்டுகளுக்கு அவர்தான் ஐஸ். எறாவுக்குத் திடீரென்று மவுசு வந்த காலம் அது. கம்பெனிக்காரர்கள் பெட்டியோடு வந்து கரையிலேயே நின்றார்கள். ஐஸ் வரத் தாமதமானால் எறா நாறும். எறா நாறினால் ஊரே கத்தும். ஆகவே அப்பாவுக்கு மரியாதை இருந்தது, பெயர்தான் இல்லை.

நான் செங்கல்பட்டில் பி.யூ.சி. படித்தேன். காலையில் லாரியிலேயே போய்விடுவேன். லாரியில் முந்தின நாள் மீன் தண்ணீர் ஊறியிருக்கும். வகுப்பில் என் பெஞ்சில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். இதைச் சொன்னால் இன்றைக்குக் கேட்பவர்கள் உச்சுக்கொட்டுகிறார்கள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. நான்கு பேர் பெஞ்சில் காலை நீட்டி உட்காருவது எவ்வளவு சுகம் என்று அவர்களுக்குத் தெரியாது.

அந்த பெஞ்சில்தான் உள்ளுறை வெப்பம் என்ற பாடம் நடந்தது. உருகும் ஐஸுக்கு வெப்பம் போய்க்கொண்டே இருக்கும், ஆனால் வெப்பமானி அசையாது, முழுவதும் உருகி முடியும் வரை பூஜ்யத்திலேயே நிற்கும் என்றார் இயற்பியல் விரிவுரையாளர். நான் பிறந்ததிலிருந்து ஐஸின் மேல் உட்கார்ந்து வந்தவன். அது உருகுவதைத் தினமும் பார்த்தவன். உள்ளே போகும் வெப்பம் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அன்று முதல் அதைத் தவிர வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ஜீப்பில் போகிற இன்ஜினியர்களைப் பார்த்து எங்கள் தெருப் பையன்கள் வாட்ச்மேன் வேலையாவது கிடைக்காதா என்று ஏங்கினார்கள். எனக்கு ஜீப் வேண்டாம், அவர்கள் படித்த படிப்பு வேண்டும் என்று இருந்தது. பேராசைதான். ஒப்புக்கொள்கிறேன்.

விரிவுரையாளருக்கு அமெரிக்கா ஒரு நோய். தான் போவதற்காகப் பல வருஷம் எழுதிக் கேட்டு, எல்லா இடத்திலும் மறுத்துவிட, அந்த ஊர்க் கல்லூரிகளின் கையேடுகள் மட்டும் அவர் வீட்டு அலமாரியில் அடுக்கி இருந்தன. அதில் ஒரு சிறு கல்லூரி, வடக்கே, குளிர்காலத்தில் ஏரி உறைந்துபோகும் ஊரில் இருந்தது. வெளிநாட்டு மாணவர் ஒருவருக்கு இயற்பியல் பட்டப்படிப்பை முழுச் செலவும் ஏற்றுப் படிக்கவைப்பதாக எழுதியிருந்தார்கள். "எனக்குத்தான் வயசாயிடுச்சு. நீ போட்டுப் பாரேன்டா, போனா ஒரு ஸ்டாம்ப்," என்றார். விண்ணப்பப் படிவத்துக்கு எழுதிக் கேட்டோம். மார்கழி பிறந்தபோது தடித்த உறையில் வந்தது, கல்லூரி முகவரிக்கு.

அதை அவர் வீட்டுக் கூடத்தில் தரையில் விரித்து வைத்துக்கொண்டு நிரப்பினோம். ஏன் இயற்பியல் படிக்க விரும்புகிறாய் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருந்தார்கள். மரத்தூளுக்குள் இருக்கும் ஐஸைப் பற்றி எழுதினேன். அது சுலபமாக வந்தது. தகராறு செய்தது முதல் பக்கத்திலேயே இருந்த ஒரு கட்டம். கடைசிப் பெயர் என்று போட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் முதல் பெயர் என்று இன்னொரு கட்டம்.

"சார், நமக்கு இருக்கறதே ஒரு பேருதானே?" என்றேன்.

"இனிஷியல் இருக்கே."

"அது எழுத்து சார், பேரு இல்ல."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று உண்டு, அது கடைசியில் வரும், அதுதான் இது என்று விளக்கினார். நமக்கு அந்த மாதிரி எதுவும் இல்லாததால் அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டுவிடலாம், என் பெயரை முதல் பெயராகப் போடலாம் என்று தீர்ப்புச் சொன்னார். அப்படியே எழுதினேன். என் பெயர் முன்னால், அப்பா பெயர் பின்னால்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வழக்கப்படி மூத்த பிள்ளைக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயரை வைப்பார்கள். என் பெயர் என் தாத்தாவின் பெயர். அப்பாவின் இனிஷியலும் தாத்தாவின் பெயரில் வருகிற முதல் எழுத்துதான். ஆக என் பெயரைச் சுருக்கி ஒற்றை எழுத்தாக்கி, பின்னால் அப்பாவின் பெயரை முழுதாகப் போட்டால், கிடைப்பது நான் அல்ல. எழுத்துக்கு எழுத்து அப்பா. இது அந்தக் கூடத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. தோன்ற வேண்டிய காரணமும் இல்லை. எங்கள் பெயரை யாராவது அப்படித் தலைகீழாகச் சுருக்குவார்கள் என்று எந்தத் தமிழனுக்குத் தோன்றும்?

வீட்டில் சொன்னபோது அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"அங்க ஐஸு இன்னா வெல?"

"அங்க ஏரியே ஐஸாயிடுமாம்பா. யாரும் வாங்க மாட்டாங்க."

"அப்ப அது இன்னா ஊரு?" என்றார். இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு, "சரி, போ. ஆனா வேல முடியற வரிக்கும் ஒர்த்தன்கிட்டயும் வாயத் தொறக்காத. கண்ணு பட்டுரும்," என்றார். அம்மா அதற்கும் ஒரு படி மேலே போய், அக்காவுக்குக்கூட எழுதாதே என்றாள். அக்காவை நாகப்பட்டினத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. அவளுக்கு எங்கள் மேல் என்ன கண் படப்போகிறது என்று தெரியவில்லை. ஆனாலும் நான் யாரிடமும் சொல்லவில்லை. அமெரிக்காவிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வர வேண்டும் என்பது ஊரில் அப்பாவையும் அம்மாவையும் தவிர ஒருவருக்கும் தெரியாது. பதில் வீட்டு முகவரிக்கு வருமாறு எழுதியிருந்தேன், கோடை விடுமுறையில் கல்லூரி மூடியிருக்கும் என்பதால்.

சித்திரையில் பரீட்சை முடிந்தது. முடிந்த சில நாளில், செங்கல்பட்டு ஐஸ் ஃபாக்டரி வாசலில், லாரியில் பாளம் ஏறிக்கொண்டிருந்தபோது அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உடைந்த ஐஸ் துண்டு ஒன்றை எடுத்து முகத்தில் தேய்த்துக்கொண்டாராம். அப்படியே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. அன்று ஏற்றிய ஐஸோடு ஐஸாக அதே லாரியில் வீட்டுக்கு வந்தார்.

நாகப்பட்டினத்திலிருந்து அக்கா வந்து சேர மறுநாள் ஆகும். சித்திரை வெயில். "ஐஸ் போடறவரு வூட்ல ஐஸுக்கு இன்னா பஞ்சம்?" என்று யாரோ சொன்னார்கள். கிண்டலாகச் சொல்லவில்லை, யோசனையாகத்தான் சொன்னார்கள். லாரியிலிருந்து பாளங்களை இறக்கி, மரத்தூளைக் கழுவி, வரிசையாகப் போட்டு, மேலே பாயை விரித்து அப்பாவைப் படுக்கவைத்தோம். இறக்கத் தெரிந்தவன் நான் என்பதால் நான்தான் இறக்கினேன். பாளத்தைக் கொக்கியால் இழுத்து, முழங்காலில் தாங்கி, சத்தம் வராமல் தரையில் வைப்பது எப்படி என்று அப்பா எனக்குக் காட்டியிருந்தார். சத்தம் வராமல் வைத்தேன்.

பிறகு சுவரோரம் உட்கார்ந்து தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாயின் ஓரத்திலிருந்து இறங்கி, வாசல்படியில் தேங்கி, தெருவுக்குப் போயிற்று. ஒரு கிராம் ஐஸ் உருக எண்பது கலோரி. இவ்வளவு பாளம் உருக எவ்வளவு, அது எங்கிருந்து வருகிறது, காற்றிலிருந்து எத்தனை பங்கு, தரையிலிருந்து எத்தனை பங்கு என்று மனம் தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. பெண்கள் என் தலையைப் பிடித்து ஆட்டி, "அழுவுடா, அழுதுடு கண்ணு, நெஞ்சில வெச்சிக்காத," என்றார்கள். எனக்கு அழுகை வரவில்லை. துக்கம்கூட வரவில்லை. எதுவுமே வரவில்லை. மொட்டை அடித்தார்கள், கொள்ளிச்சட்டியைக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். ஒரு ஆள் சொல்வதை இன்னொரு ஆள் செய்வது மாதிரி எல்லாம் நடந்தது.

ஐஸில் வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று தெரியும். கை மரத்துப்போகும்போது வலி இருக்காது. வெளியே எடுத்து வெயிலில் காட்டினால்தான் உயிர் போகும். நான் கையை வெளியே எடுக்கவே இல்லை. காரியம் முடிந்ததும் லாரியில் ஏறி செங்கல்பட்டுக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். பெண்கள் பார்த்துவிட்டு, பிள்ளை பொறுப்பாக இருக்கிறான் என்றார்கள். பொறுப்பும் இல்லை, புண்ணாக்கும் இல்லை. வேறு எங்கே போவதென்று தெரியவில்லை.

காரியம் முடிவதற்கு முன்பே ஒன்று நடந்தது. கோவளத்தில் அப்பாவுக்குத் தெரிந்த ஒரு மீன் வியாபாரி, சாவுச் செய்தி தெரியாமல், தன் மகள் கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பியிருந்தார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை. மேலே அப்பாவின் பெயர், இனிஷியலோடு, முழுதாக. தபால்காரர் எங்கள் ஊர்க்காரர்தான். வழக்கமாக வாசலில் நின்று பெயரைச் சத்தமாக வாசித்துவிட்டுக் கொடுப்பார். அன்றும் பழக்கதோஷத்தில் வாசித்துவிட்டார்.

அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். பத்திரிகையைப் பார்த்தாள். அதை வாங்கித் தெருவில் எறிந்துவிட்டு, மண்ணை வாரித் தூற்றிக் கத்தினாள். "இன்னாத்துக்குய்யா இந்தப் பேரக் கூவிக்கினு வர? ஆளு போயி சேந்தாச்சு. இனிமே இந்தப் பேர் போட்டு எது வந்தாலும் இந்த வாசப்படி ஏறக் கூடாது. வந்த வழியே திருப்பி அனுப்பிடு. இன்னொரு தபா கொண்டாந்தே, உன் சைக்கிள ஒடச்சிடுவேன்."

தபால்காரர் நடுங்கிப்போனார். "தப்பா நெனச்சிக்காதம்மா, இனிமே கொண்டார மாட்டேன்," என்று கைகூப்பிவிட்டுப் போனார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. விழுந்ததோடு சரி.

வைகாசி போயிற்று, ஆனி போயிற்று. கரையில் ஐஸ் இறக்கிவிட்டு வரும்போது தபால்காரர் எதிரில் சைக்கிளில் வருவார். "எனக்கு எதனா கீதா?" என்று கேட்பேன். பையைத் திறந்துகூடப் பார்க்காமல், "உன் பேர்ல ஒண்ணும் இல்ல நைனா," என்பார். அந்த மனிதர் பொய் சொல்லவே இல்லை. கிடைத்தால் போகலாம், கிடைக்காவிட்டால் ஐஸ் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அதற்காகத்தான் உயிர் வாழ்ந்தேன் என்று முன்பு சொல்லியிருப்பேன். அப்போது கேட்டிருந்தால் தோளைக் குலுக்கியிருப்பேன். ஆனாலும் தினமும் கேட்டேன். வாய் கேட்டது.

ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், வீட்டு வாசலில் பம்படியில் நின்று காலில் ஒட்டியிருந்த மரத்தூளைக் கழுவிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் விரிவுரையாளர் வந்துகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, ஒரு கையில் குடை, இன்னொரு கையில் வாழையிலையில் சுற்றிய ரோஜா மாலை. குடை காற்றில் மேல்நோக்கித் திரும்பிக்கொண்டு அவரை இழுத்தது. அப்பா சாவு இவருக்கு எப்படித் தெரிந்தது, தெரிந்தாலும் இவ்வளவு நாள் கழித்து வருகிறாரே என்று நினைத்தேன். விடுமுறையில் நடந்ததால் நான் யாருக்கும் சொல்லவில்லை.

அவர் எங்கள் வாசலுக்கு வந்தார். என்னைப் பார்த்தார். மாலை கையிலிருந்து நழுவி பம்படிச் சேற்றில் விழப்போனது, பாய்ந்து பிடித்தேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"நீயா?" என்றார்.

"நான்தான் சார். வாங்க."

"டேய், நீ... இருக்கியா?"

"இருக்கேன் சார்."

அங்கே கிடந்த லாரி டயரின் மேல் பொத்தென்று உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். பெரிய மனிதர் இப்படி அழுது நான் பார்த்ததில்லை. அம்மா உள்ளேயிருந்து செம்பில் தண்ணீரோடு வந்தவள், மாலையைப் பார்த்துவிட்டு, புருஷனுக்காகத்தான் வந்திருக்கிறார் என்று தானும் அழுதாள். அவர் என் சாவுக்கு அழுதார், அம்மா அப்பாவின் சாவுக்கு அழுதாள். நடுவில் மாலையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன்.

மெதுவாகத்தான் விஷயம் வெளியே வந்தது. கல்லூரி திறந்ததும் அவர் பெயருக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. ஜிப்பாப் பையிலிருந்து எடுத்துத் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தார். தாங்கள் பரிந்துரைத்த மாணவர் இறந்துவிட்ட செய்தி அறிந்து ஆழ்ந்த துயரம் அடைகிறோம். அவருக்கு முழு உதவித்தொகையோடு இடம் அளித்து நாங்கள் அனுப்பிய கடிதம், பெறுநர் காலமாகிவிட்டார் என்ற குறிப்போடு உங்கள் ஊர்த் தபால் நிலையத்திலிருந்து எங்களுக்கே திரும்பி வந்தது. ஐஸைப் பற்றி அவர் எழுதிய பக்கத்தை எங்கள் குழுவில் சத்தமாக வாசித்தோம். அவரை நேரில் சந்திக்கும் நாளுக்காகக் காத்திருந்தோம். அந்த இடத்தை இப்போது கனத்த மனத்தோடு வேறொருவருக்கு அளித்திருக்கிறோம். அவருடைய பெற்றோருக்கு எங்கள் இரங்கலைத் தெரிவிக்கவும்.

கடிதத்தில் என்னைக் குறிப்பிட்ட இடத்தை விரல் வைத்துக் காட்டினார். மிஸ்டர், பிறகு ஓர் எழுத்து, பிறகு அப்பாவின் பெயர். "உறையிலயும் இப்படித்தான் டைப் அடிச்சிருப்பாங்க," என்றார். "உயிரோட இருக்கறவன எதுக்குடா செத்துட்டான்னு எழுதி..." என்று ஆரம்பித்தவர் என் தலையைப் பார்த்தார். மொட்டை அடித்து முளைத்த முடி இன்னும் குட்டையாகத்தான் இருந்தது. செத்தது அப்பா என்று புரிந்துகொண்டார்.

அம்மாவுக்கு நான் விளக்கினேன். அவள் செம்பைக் கீழே வைத்தாள். பிறகு, "உனக்கு வந்த கடுதாசி அவரு பேரு போட்டா வந்துச்சு?" என்றாள்.

"ஆமாம்மா."

"நான்தான் அனுப்பிடச் சொன்னேன்."

"நீ அப்பாவுக்கு வந்ததத்தான் அனுப்பச் சொன்ன."

அவள் என் கையிலிருந்து மாலையை வாங்கினாள். அப்பாவுக்குப் போட்டோ எதுவும் கிடையாது. உள்ளே போய், லாரிக்குப் போகும்போது அவர் தோளில் போடும் துண்டு தொங்கிய ஆணியில் அந்த மாலையை மாட்டினாள். என் பெயரைச் சொல்லி வாங்கிய மாலை கடைசியில் உரியவருக்கே போயிற்று.

சாயங்காலம் தபால்காரர் செய்தி கேட்டு ஓடிவந்தார். "எறா கம்பெனிக்காரன் கடுதாசின்னு நென்ச்சேன் நைனா. அவரு எத்தினி கம்பெனிக்கு ஐஸு போட்டாரு! அம்மா மனசு நோகக் கூடாதுன்னுதான் போஸ்ட் மாஸ்டரான்ட இங்கிலீஸ்ல எழுதி வாங்கி அனுப்பிட்டேன். உனுக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தியானா..." சொல்லியிருந்தால் கண் பட்டிருக்கும். சொல்லாமல் இருந்ததால் மட்டும் என்ன வாழ்ந்தது? அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இந்த ஊரில் அந்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டுத் துக்கத்துக்குக் காவல் இருந்தவர் அவர் ஒருவர்தான்.

மறுநாள் விரிவுரையாளர் சொன்னபடி தந்தி கொடுக்கப் போனேன். கல்பாக்கம் குடியிருப்புப் பக்கம் இருந்த தபால் நிலையத்தில்தான் வெளிநாட்டுத் தந்தி எடுத்துக்கொள்வார்கள். ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். மாணவன் உயிருடன் இருக்கிறான். இறந்தவர் தந்தை. கடிதம் பின்னால் வருகிறது. அவ்வளவுதான்.

கவுண்டரில் இருந்தவர் நல்ல மனிதர். படித்துப் பார்த்தார். "வெளிநாட்டுத் தந்தி தம்பி, வார்த்தைக்கு வார்த்தை காசு. நீ உயிரோட இருக்கேன்னு தெரிஞ்சா போதும் இல்ல அவங்களுக்கு? இந்த நடுவுல இருக்கறது எதுக்கு?" என்று சொல்லிக்கொண்டே, இறந்தவர் தந்தை என்ற சொற்களின் மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

"அடிக்காதீங்க," என்றேன். சத்தமாக வந்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏம்பா?"

"எங்கப்பா செத்துட்டாரு சார்."

சாவு நடந்த நாளிலிருந்து அந்த வாக்கியத்தை நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது, யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சொன்னதும் கவுண்டரின் மரப்பலகையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் நடுவில், சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதேன். வலித்தது. அவ்வளவு வலிக்கும் என்று நினைக்கவில்லை. அந்த மனிதர் ரப்பரை எடுத்துக் கோட்டை அழித்துவிட்டு, எல்லாச் சொற்களையும் அப்படியே அனுப்பினார்.

பதில் வந்தது. இந்த முறை தபால்காரர் வாசலில் நின்று, மேலே இருந்த பெயரைப் பார்த்து, வாசிக்காமல், "அம்மா, இத்த உள்ள கொண்டாரலாமா?" என்று கேட்டார். அம்மா இரண்டு கையாலும் வாங்கி, படிக்கத் தெரியாத அந்த எழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள். அப்புறம்தான் எனக்குக் கொடுத்தாள். இந்த வருஷத்து இடம் போனது போனதுதான், அடுத்த வருஷத்து இடத்தை எனக்கு வைத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். பெயரில் ஏதோ குழப்பம் என்று உங்கள் ஆசிரியர் எழுதினார், மாற்றி எழுத வேண்டுமா என்றும் கேட்டிருந்தார்கள். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று எழுதினேன்.

ஒரு வருஷம் ஐஸ் ஏற்றினேன். பிறகு லாரியை அக்கா புருஷன் வந்து எடுத்துக்கொண்டார். நான் போனேன்.

முதல் வகுப்பில் பேராசிரியர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஜன்னலுக்கு வெளியே ஏரி தெரிந்தது, இன்னும் உறையவில்லை. என் பெஞ்சில் என் இரண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்திருந்தார்கள். என் முறை வந்தது. அப்பாவின் பெயரை நாக்கைச் சுழற்றிக் கோணலாக, ஆனால் அறை முழுவதும் கேட்கும்படி வாசித்தார். எங்கள் தெருவில் தபால்காரரைத் தவிர யாரும் அப்படி வாய்விட்டுக் கூப்பிட்டதில்லை. நான் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் அந்தப் பெயரைக் கூப்பிட்டார்.

எழுந்து நின்று, இருக்கிறேன் சார் என்றேன்.